இரண்டு கையும் தெரிய வேண்டும்

ஆவடி,
9 ஜூன் 2024

அன்புள்ள அனுவுக்கு,

சாவித்திரி எழுதுகிறேன். இங்கே நான், இவர், கிஷோர் மூன்று பேரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? தைலம் தேய்ப்பதை நடுவில் விட்டுவிடாதே. இளங்கோவும் மருமகளும் நலம்தானே?

இன்றைக்கு ஒரே ஒரு சங்கதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், அவசரமாக எழுதுகிறேன். அனு, நாம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசப் போகிறோம்! ராஜபாளையத்தில் நீ, ஆவடியில் நான். பஸ் வேண்டாம், ரயில் வேண்டாம்.

நீ என்னைக் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில். முப்பத்தேழு வருஷம் ஆகிறது. பள்ளி விடுதியில் பதினோரு வருஷம் அடுத்தடுத்த பாயில் படுத்தவர்கள் நாம். சாப்பாட்டு வரிசையில் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பேசிக்கொண்டே நின்று, வரிசை நகர்ந்தது தெரியாமல் திட்டு வாங்கியவர்கள். அதற்குப் பிறகு காகிதம்தான், தபால்காரர்தான்.

காது கேட்காதவளுக்குப் போன் எதற்கு என்று முன்பு எழுதினாயே, அது சரிதான். போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று நானும் இவரும் எங்கள் காது கேளாதோர் சங்கத்து ஆட்களோடு முயற்சி செய்து பார்த்தோம். ஒரு கையில் போனைப் பிடித்தால் பேசுவதற்கு ஒரு கைதான் மிச்சம். பாதி வார்த்தை காலி. டிபன் டப்பாவில் சாய்த்து வைத்தால் சறுக்கி விழுகிறது. எதிராளி எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையும் போதவில்லை.

போன வாரம் கிஷோர் ஒரு பெரிய மானிட்டர் வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினான். மாட்டிவிட்டு என்னிடம் சைகையில் சொன்னான்: "இது மேல ஒரு வெப்கேம் வெச்சா போதும்மா. ரெண்டு கையும் ஃப்ரீ. நீ அனு ஆன்ட்டியோட பேசலாம்." எனக்கு அடுப்பில் பால் வைத்திருந்தது மறந்துபோயிற்று. பொங்கி வழிந்ததை இவர்தான் போய் அணைத்தார்.

உன் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. கொரோனா சமயத்தில் இளங்கோ வாங்கினான் என்று நீயே எழுதியிருந்தாய். அதில் கேமரா உண்டா? கேட்டு எழுது. உடனே எழுது.

ஆசையோடு,
சாவித்திரி


ராஜபாளையம்,
18 ஜூன் 2024

அன்புள்ள சாவி,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம். முழங்கால் படியேறும்போது மட்டும் நினைவூட்டுகிறது. மருமகள் மோகனப்பிரியா பெற்றோர் வீட்டுக்குப் போய் நேற்றுத்தான் வந்தாள்.

பாலைப் பொங்க விடுகிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லையா? உன் வீட்டுக்காரர் பொறுமைசாலி. கிஷோருக்குப் பெண் பார்ப்பதாக எழுதினாயே, எது வரை வந்திருக்கிறது? அந்தப் பெண்ணுக்குச் சைகை கற்றுக்கொள்ள மனம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்கலாம் என்று விட்டால் அது நடக்காமலே போய்விடும்.

இங்கே இரண்டு நாள் நல்ல மழை. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. மாடித் தொட்டியில் வைத்த மல்லி பூத்துவிட்டது.

எங்கள் கம்ப்யூட்டரில் கேமரா இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அனுசுயா


ஆவடி,
24 ஜூன் 2024

என் அனுவுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டுக்கொண்டே நேராக விஷயத்துக்கு வருகிறேன். கேமரா இல்லை என்றாயே, இப்போது இருக்கிறது! நேற்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ் நின்று நின்று போனதில் இவர் பொறுமை இழந்து, இறங்கி நடக்கலாம் என்று கையை வீச, பக்கத்து சீட்டுக்காரர் தலையில் பட்டுவிட்டது. நான்தான் கும்பிடு போட்டேன்.

கடை ராஷித்துடையது. கிஷோரோடு பாலிடெக்னிக்கில் படித்த பையன். அங்கே நடந்த பேச்சையெல்லாம் கிஷோர் உடனுக்குடன் சைகையில் சொன்னான். உனக்கு எழுத வேண்டும் என்று கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

"இன்னா மச்சான், குடும்பத்தோட வந்துகீறே! வாங்கம்மா, வாங்க அங்கிள்" என்றானாம் ராஷித்.

"அம்மாவுக்கு ஒரு வெப்கேம் வோணும்டா."

"இத்தப் பாரு. மைக் சூப்பரா கீது. பக்கத்து ஊட்ல மிக்ஸி ஓடுனாக்கூட உள்ள வராது."

கிஷோர் இதைச் சொன்னதும் இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இவர் கையால் சொன்னதைக் கிஷோர் வாயால் சொன்னான்: "எங்களுக்கு எந்த ஊட்டு மிக்ஸியும் உள்ள வராதுப்பா."

பாவம் ராஷித், நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க அங்கிள், டெய்லி சொல்லிச் சொல்லி வாய்ல அதுவா வருது. சரி, மைக்க வுடு. இன்னா பாத்து வாங்கணும் சொல்லு."

"கை. எவ்ளோ வேகமா ஆட்டினாலும் விரல் விரலா தெரியணும்" என்றான் கிஷோர்.

அவ்வளவுதான், ராஷித்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடையில் இருந்த கேமராக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டினான். என்னை முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னான். முதல் கேமராவில் என் ஐந்து விரலும் சேர்ந்து ஒரு விசிறி மாதிரி தெரிந்தது. "இன்னாபா இது, கைக்குப் பதிலா காத்தாடி சுத்துது" என்று அவனே அதைக் கழற்றினான். இரண்டாவதில் விரல் தெரிந்தது, ஆனால் முகமும் கழுத்தும் மட்டும்தான் படத்துக்குள் வந்தன. கையை மோவாய்க்குக் கீழே இறக்கினால் காணோம்.

மூன்றாவது கேமரா அகலமாகப் பார்க்கிறது. ஒரு நொடிக்கு அறுபது படம் எடுக்குமாம். மற்றதெல்லாம் முப்பதுதானாம். அது போதும் என்றேன் நான். நாலாவதையும் பார்க்கலாம் என்றார் இவர். இரண்டு பேரும் திரைக்கு முன்னாலேயே சண்டை போட்டோம். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராஷித் திரையைக் காட்டிக் கை தட்டினான். "ஒரு விரல்கூட மிஸ் ஆவல பாரு மச்சான்! அங்கிள் திட்றது எனக்கே புரியுது!"

இவர் தோற்றார். மூன்றாவதையே வாங்கினோம்.

அப்போதுதான் நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு கேமரா. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. கிஷோர் முழித்தான். முப்பது வருஷம் சீருடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள் தன் சிநேகிதிக்கு ஒரு கேமரா வாங்கித் தரக் கூடாதா? நீ மறுப்பு எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

மகிழ்ச்சியில் மிதக்கிற,
சாவித்திரி


ஆவடி,
8 ஜூலை 2024

அன்புள்ள அனு,

நலம்தானே? உன் பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதம் போலிருக்கிறது. எனக்குக் காத்திருக்க முடியவில்லை, அதனால் இன்னொன்று எழுதுகிறேன். உன் கேமராவை இன்று காலை கூரியரில் போட்டாயிற்று. என் பழைய நைலக்ஸ் புடவைத் துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கூரியர்காரர் என்ன என்று கேட்டதற்குக் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி என்று எழுதிக்கொண்டார்.

வாங்குவது பெரிதில்லையடி. அமைப்பதுதான் வேலை. ஒரு வாரம் எங்கள் கூடம் ரணகளமாகிவிட்டது.

மானிட்டர் உச்சியில் கவ்வி வைக்கிற மாதிரி ஒரு கொக்கி இருக்கிறது. அதில் மாட்டி வயரைப் பின்னால் சொருகினால் படம் வந்துவிடுகிறது. வந்த படத்தில் நான் கரியாக இருந்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல். அதை மூடி, மேஜையை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம். பிறகு டியூப்லைட் தலைக்கு மேல் இருந்ததால் கையின் நிழல் முகத்தில் விழுந்தது. இவர் ஏணி போட்டு அதைக் கழற்றி முன்சுவரில் மாட்டினார். வெளிச்சம் குறைந்தால் விரல் மறுபடியும் குழம்புகிறது, அதைக் கவனித்துக்கொள். அப்புறம் அந்தக் கேமரா இருக்கிறதே, அது குழந்தை மாதிரி. கையை நீட்டினால் கையைப் பார்க்கிறது, முகம் மங்கிவிடுகிறது. முகத்தைப் பார்த்தால் கை மங்குகிறது. கிஷோர் ஏதோ ஒரு இடத்தில் போய் அந்த ஆட்டத்தை நிறுத்தினான். இப்போது எல்லாம் ஒரே சீராகத் தெரிகிறது.

பூப்போட்ட புடவை கட்டக் கூடாது, பூவுக்குள் விரல் ஒளிந்துகொள்கிறது. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாற்காலி எங்கே போட்டால் இரண்டு முழங்கையும் படத்துக்குள் வரும் என்று அளந்து இவர் தரையில் டேப் ஒட்டியிருக்கிறார். முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவர், மில்லிமீட்டர் விட மாட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் சோதனை. கிஷோர் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் ஆபீஸில், நான் இங்கே. பளிச்சென்று திரையில் வந்தான். இரண்டு கையாலும், "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றான். தினமும் கேட்கிறவன்தான். எனக்கு என்னவோ கண் நிறைந்துவிட்டது. "வத்தக்குழம்பு" என்றேன். "அதுக்கு ஏம்மா அழற?" என்றான்.

பிள்ளையைப் பார்த்தே இப்படி என்றால் உன்னைப் பார்த்தால் நான் என்ன ஆவேனோ! பார்சல் வந்ததும் எழுது.

உன் சாவித்திரி


ராஜபாளையம்,
19 ஜூலை 2024

அன்புள்ள சாவி,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பார்சல் பத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய பரிசு எனக்கு எதற்கு? உன் மனசு யாருக்கும் வராது. புடவைத் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். அது நீ கல்யாணத்துக்கு மறுநாள் கட்டியிருந்த பச்சைப் புடவைதானே?

கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகச் சரியில்லை. பார்க்க ஆள் வர வேண்டும். சரியானதும் எழுதுகிறேன்.

ஏணியில் ஏறும்போது உன் வீட்டுக்காரரைக் கவனமாக இருக்கச் சொல்.

அனுசுயா


ஆவடி,
24 ஜூலை 2024

அன்புள்ள அனு,

இங்கே சுகம். உன் கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி? திரை வரவில்லையா, நெட் வரவில்லையா? கிஷோர் மூலம் ராஷித்திடம் கேட்டேன். "மெஷின் ஆன் ஆவுதான்னு மட்டும் கேட்டு சொல்லுங்கம்மா, மீதிய நான் போன்லயே இளங்கோ அண்ணாத்தேக்கு சொல்லித் தரேன்" என்கிறான்.

ஆகஸ்ட் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. நாள் குறித்துவிட்டேன். அதற்குள் சரிசெய்ய முடியுமா? சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் கூட்டாளி வருகிறாள், விடுதியில் கதை சொன்னால் சின்னப் பிள்ளைகள் சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருக்கும், அப்படிப்பட்ட கை அவளுடையது என்று. இரண்டு பேர் உன்னைப் பார்க்க வீட்டுக்கே வருவதாகச் சொல்கிறார்கள்!

மணி நாலு. மறக்காதே.

சாவித்திரி


ராஜபாளையம்,
31 ஜூலை 2024

அன்புள்ள சாவி,

நலம். நாலாம் தேதி தோதுப்படாது. மில்லில் ஆள் குறைவு என்று இளங்கோ ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறான். கம்ப்யூட்டரும் இன்னும் ஆகவில்லை. ஆடி முடியட்டும், பார்க்கலாம்.

வருவதாகச் சொன்னவர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

அனுசுயா


ஆவடி,
21 ஆகஸ்ட் 2024

அனுசுயாவுக்கு,

நலம்.

ஆடி முடிந்துவிட்டது. அவசரத்துக்கு என்று நீ எப்போதோ எழுதியிருந்த இளங்கோவின் நம்பருக்குக் கிஷோர் செய்தி அனுப்பினான், கம்ப்யூட்டர் விஷயமாக உதவலாம் என்று. "எங்க கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, ரிப்பேரே ஆகலையே" என்று பதில் வந்தது. கேமரா வந்ததே அவனுக்குத் தெரியாதாம்.

உனக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் என்ன தப்பு செய்தேன் என்று மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. இவர் தரையில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கட்டுமா என்று கேட்கிறார்.

சாவித்திரி


ராஜபாளையம்,
1 செப்டம்பர் 2024

என் சாவிக்கு,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. பொய் எழுதியது நான். கேமரா அலமாரியில், உன் புடவைத் துண்டுக்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியும் அனுப்பிவிடுவேன்.

எனக்குப் பேச வராது, சாவி. என் கை மறந்துவிட்டது.

உனக்கு வாய்த்தவர் காது கேட்காதவர். பிள்ளைக்குச் சைகைதான் முதல் பேச்சு. வீட்டில் மூன்று பேரும் பேசிக்கொள்கிறீர்கள், சண்டை போடுகிறீர்கள். எனக்கு வாய்த்தவர் நல்லவர்தான், ஆனால் கேட்கிறவர். நான் வந்த புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஏதோ கேட்க நான் கையை அசைத்தேன். சுற்றியிருந்த பிள்ளைகள் என்னைப் போலவே செய்து காட்டிச் சிரித்தார்கள். மாமியார் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் எடுத்து என் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார். பந்தி முடியும் வரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து என் கை மடியில்தான்.

முதல் சில வருஷம் குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பேன். எதிரே நீ இருப்பதாக நினைத்துக்கொள்வேன். இளங்கோ பிறந்த பிறகு அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று. அவரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு தடுக்க யாரும் இல்லை. ஆனால் பேச யார் இருக்கிறார்கள்? இளங்கோ நல்ல பிள்ளை. எனக்குப் புரிய வேண்டும் என்று வாயை மெதுவாக அசைப்பான். "சாப்டியா." "மாத்திரை போட்டியா." "வரேன்." எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது அந்த மூன்று நான்கு வார்த்தைகள்தான். மீதியெல்லாம் நான் உனக்கு எழுதுவதுதான்.

பார்சல் வந்த அன்று எல்லோரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். "சாவி, எப்படி இருக்கிறாய்" என்று சொல்ல நினைத்தேன். கை எழுந்தது, அப்படியே நின்றுவிட்டது. சோறு தெரிகிறது. மணி தெரிகிறது. பள்ளிக்கூடம் தெரிகிறது. ஒன்றோடு ஒன்றைக் கோக்கத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயசில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பொம்மை மாதிரி நின்றேன்.

கடிதத்தில் நான் உனக்குப் பழைய அனுதான். கதை சொன்ன கை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். திரையில் வந்தால் அந்த அனு செத்துப்போவாள். அதற்குப் பயந்துதான் கம்ப்யூட்டருக்கு வியாதி வரவைத்தேன்.

கோபம் ஆறவில்லை என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆனால் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் அனு


ஆவடி,
5 செப்டம்பர் 2024

என் தங்கமே அனு,

எனக்கு உடம்பு சௌக்கியம். மனசு இப்போதுதான் சௌக்கியம். உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய், தரையில் இருந்த டேப்பை எடுத்துவிட்டுப் புது டேப் ஒட்டினார். அதுதான் அவர் பதில்.

பெட்டியை அனுப்பினாயோ, நானே ரயில் ஏறி வந்து அதை உன் தலையில் மாட்டுவேன்.

நீ பேச வேண்டாம். கை மடியிலேயே இருக்கட்டும். நான் பேசுகிறேன், நீ பார். பார்ப்பதும் மறந்துவிட்டதா என்ன? ஏதாவது சொல்லத் தோன்றினால் பெரிய நோட்டும் தடிப் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள். எழுதித் தூக்கிக் காட்டு. நான் பேசுவதும் உனக்கு முழுசாகப் புரியாது, சொல்லிவிட்டேன். நம் விடுதிக் கை இப்போது என்னிடம் இல்லை. கல்யாணமான புதிதில் இவருடைய சென்னைச் சைகை ஒன்றும் எனக்குப் புரியாமல், 'உப்பு' கேட்டால் இவர் சீப்பு கொண்டு வருவார். முப்பத்தேழு வருஷத்தில் இரண்டும் கலந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகவே நீ திக்கினால் நான் உளறுவேன். இரண்டு கிழவிகளுக்கும் கணக்குச் சரி.

யாரும் கூட இருக்க மாட்டார்கள். சங்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இவரைக்கூட மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

பதினைந்தாம் தேதி ஞாயிறு, நாலு மணி. நான் கத்தரிப்பூப் புடவையில் டேப் மேல் உட்கார்ந்திருப்பேன். நீ வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருப்பேன்.

உன் சாவி


ராஜபாளையம்,
17 செப்டம்பர் 2024

என் சாவிக்கு,

நேற்று முன்தினம்தான் முகத்துக்கு முகம் பார்த்தோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உனக்குத் தெரியாதது இரண்டு சங்கதி இருக்கிறது. அதோடு, பார்த்ததை எழுதாமல் எனக்கு எதுவும் முழுசாவதில்லை.

உன் கடிதம் வந்த அன்றே இளங்கோவிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவன் அப்போதே பிரித்தான். மாட்டினான், சரிபார்த்தான். ஜன்னல் எனக்குப் பின்னால் இருக்கக் கூடாது என்று உன் கடிதத்தைக் காட்டினேன். மேஜையைத் திருப்பிப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு மோகனப்பிரியாவோடு வெளியே கிளம்பினான்.

நாலு மணிக்கு நீ வந்தாய். முதலில் யாரோ என்று நினைத்தேன். என் மனசில் நீ இரட்டைப் பின்னலோடு இருந்தாய். திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். பிறகு அந்த அம்மாள் சிரித்தாள், மேல் பல் இரண்டுக்கும் நடுவே அதே இடைவெளி. மடியில் என் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்திருக்காது. கேமராவுக்கு அது எட்டாது.

முதல் கால் மணி நேரம் நீ பேசியதில் பாதிதான் புரிந்தது. "மெதுவாக" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். திரை ஓரத்தில் என்னையே காட்டும் சின்னப் படத்தில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரிந்ததும் பதறிவிட்டேன். நீயோ அதை நேராகப் படித்துவிட்டுத் தலையாட்டினாய்.

அப்புறம் நீ விடுதிச் சமையல்காரி குப்பம்மாவைப் பற்றி ஆரம்பித்தாய். நாம் ஆளாளுக்கு ஒரு சைகைப் பேர் வைத்திருந்தோமே, குப்பம்மாவுக்குக் கன்னத்து மச்சம். நீ இடது கன்னத்தைத் தொட்டாய். எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் கை மடியிலிருந்து எழுந்து "தப்பு!" என்றது. நான் யோசிக்கவே இல்லை, சாவி. நான் நோட்டைத் தேடவில்லை. "வலது கன்னம்!" என்றேன். "இடது" என்றாய். "கேமரா மாற்றிக் காட்டுகிறது" என்றாய். "கேமராவை ஏன் இழுக்கிறாய், அவள் எனக்குப் பதினோரு வருஷம் சோறு போட்டவள்" என்றேன். 'பதினொன்று'க்குப் பிறகு 'வருஷம்' வரவில்லை, நாட்காட்டியைக் கிழிப்பது போலச் செய்தேன், உனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. வராத வார்த்தைக்கு நோட்டு, வந்த வார்த்தைக்குக் கை. இன்று தோள்பட்டை இரண்டும் வலிக்கிறது. முழங்கால் வலி எனக்கு ஞாபகமே இல்லை.

இனி உனக்குத் தெரியாதது. இளங்கோ ஐந்து மணிக்கே திரும்பி வந்துவிட்டான். கையில் ஹெல்மெட்டோடு வாசற்படியில் நின்றிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. கதை சொல்லிக்கொண்டிருந்தேன், மழையில் விடுதிப் பாயெல்லாம் மிதந்ததே, அந்தக் கதை. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறான். மோகனப்பிரியா காபி கொடுத்ததைக் கூட வாங்கவில்லையாம். அவள்தான் பிறகு எழுதிக் காட்டினாள். "அம்மா இவ்ளோ பேசுவாங்களா" என்று அவளிடம் கேட்டானாம். "எனக்கு முப்பத்தாறு வயசாகுது, எனக்குத் தெரியாது" என்றானாம்.

இன்னொன்று. மார்க்கெட்டிலிருந்து உன் வீட்டுக்காரரும் கிஷோரும் வந்து திரையில் நின்று தங்கள் சைகைப் பேரைச் சொன்னார்கள் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு, என் எதிரே வந்து உட்கார்ந்தான். வாயை மெதுவாக அசைத்தான். "எனக்கு அப்படிப் பேர் இருக்காம்மா?"

இருக்கிறது, சாவி. உனக்குக்கூட நான் எழுதியதில்லை. அவன் பிறந்தபோது வலது காது மடல் மேல்நுனி மடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அதை மெல்ல நிமிர்த்திவிட்டேன். அன்றைக்கே பேர் வைத்துவிட்டேன். இத்தனை வருஷமும் மனசுக்குள் அவனை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் காட்டியதில்லை.

என் காது நுனியில் விரலை வைத்து நிமிர்த்திக் காட்டினேன். ஏன் அந்தப் பேர் என்பதை நோட்டில் எழுதினேன். படித்தான். தன் காதைத் தொட்டுப் பார்த்தான். நோட்டை எடுத்து மறுபடியும் படித்தான்.

நேற்றுக் காலை மில்லுக்குக் கிளம்பினான். தினமும் வாசலில் நின்று "வரேன்" என்று வாயசைப்பான். நேற்று வாயசைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். காது நுனியில் விரலை வைத்து நிமிர்த்தினான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

உன் வீட்டுக்காரருக்கும் கிஷோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்
அனு